ஆண்டு வரிசையில் ஊர்வன

ஊர்வனவும் தவளை, தேரை இனங்களும் உள்ள தபால்தலைகளைச் சேர்ப்பவர்கள் பெரும்பாலும் இனவாரியாகவே ஆல்பத்தை அடுக்குகிறார்கள்: ஆமைக்குச் சில பக்கங்கள், பாம்புக்குச் சில, முதலைக்கு ஒன்றிரண்டு. கண்ணுக்கு நிறைவாகத்தான் இருக்கிறது. ஆனால் அச்சான ஆண்டின் வரிசையில் வைத்து, ஒவ்வொன்றின் அருகிலும் அந்தப் பிராணிக்குப் பிறகு நேர்ந்ததைக் குறித்தால்தான் சேகரிப்பு பேசத் தொடங்கும் என்பது என் கருத்து. அப்படி அடுக்கும்போது முதலில் தெரியவருவது ஒரு கசப்பான உண்மை: நாம் ஆசையோடு படம் பிடித்த பிராணியும் நாம் காப்பாற்றிய பிராணியும் ஒன்றாக இருப்பதில்லை.

நம் மலேசியாவிலேயே சான்று இருக்கிறது. இன்றைய சபா அப்போது வட போர்னியோ. ஒரு வணிக நிறுவனத்தின் ஆட்சியில் இருந்தது. அந்த நிறுவனம் 1894இல் வெளியிட்ட 12 சென்ட் தபால்தலையில் உவர்நீர் முதலை இடம்பெற்றது. யாரும் அதன்மேல் இரக்கம் காட்டவில்லை; தூரதேசத்து விந்தை, அவ்வளவுதான். பின்னாளில் தோலுக்காக வேட்டையாடப்பட்டு அருகிய அந்த முதலையைக் காத்தது சட்டம். சரவாக்கில் அது மீண்டும் பெருகியது. 2016இல், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் உடன்படிக்கை நாடுகள் மலேசிய முதலையின் மீதான கடும் வணிகத் தடையைத் தளர்த்தி, சரவாக்கில் மட்டும் காட்டிலிருந்து பிடிக்க இடம் தந்தன. ஏழுவரி ஆமை என்ற கடலாமையின் கதை வேறு. திரங்கானுவின் ரந்தாவ் அபாங் கடற்கரையில் 1950களில் ஆண்டுக்குப் பத்தாயிரம் கூடுகள் அளவில் அது முட்டையிட்டது. 1990இல் மலேசியா அதையும் பேராமை, அழுங்காமை, பங்குனி ஆமைகளையும் தபால்தலைகளில் அழகாக அச்சிட்டது. அதற்குள் முட்டை எடுப்பும் மீன்பிடி வலைகளும் கூடுகளைக் கரைத்துவிட்டிருந்தன. எல்லா வகைக் கடலாமை முட்டைகளின் விற்பனையையும் திரங்கானு தடுத்தது 2022இல்தான். தபால்தலைக்கும் அந்தத் தடைக்கும் இடையே முப்பத்திரண்டு ஆண்டுகள்.

தபால்தலை ஆமையைக் காப்பாற்ற வந்ததில்லையே, அதன்மேல் ஏன் பழி போடுவது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நான் பழி போடவில்லை. ஒரு நாடு எப்போது எதை மதித்தது என்பதற்குத் தேதியிட்ட சாட்சியாகத்தான் அதைக் கொள்கிறேன். இவையெல்லாம் சேகரிப்பாளர் காசுக்காக அச்சிடப்பட்டவை, சாட்சியாகா என்பார் இன்னொருவர். இது வலுவான மறுப்பு. வட போர்னியோ நிறுவனமே தபால்தலைகளில் கோடுகளாலான முத்திரை குத்தி, கடிதம் எதிலும் ஒட்டாமலே வியாபாரிகளுக்கு விற்றது. ஆயினும் காசுக்காக அச்சிட்டவன் வாங்குபவரின் ஆசையை ஊகித்தே படத்தைத் தேர்ந்தான். அந்த ஆசையும் வரலாற்றில் சேர்ந்ததே. இந்திய அஞ்சல்துறை 2003இல் மலைப்பாம்பு, மூங்கில் குழிவிரியன், ராஜநாகம், பறக்கும் பாம்பு என நான்கை வெளியிட்டதும், பாம்பென்றாலே தடியெடுக்கும் வழக்கம் மாறத் தொடங்கியதைக் காட்டுகிறது.

பேராக்கின் பாகான் செராயில் சேகரிப்பவருக்கு இந்த முறை இன்னும் பொருந்தும். 1906இல் நிறைவேறிய கிரியான் நீர்ப்பாசனத் திட்டம் புக்கிட் மேரா அணையிலிருந்து அவ்வட்டார வயல்களுக்கு நீர் கொண்டுவந்தது. அத்தகைய வயல்களிலும் கடலோரச் சதுப்பிலும் வாழக்கூடிய நண்டுண்ணித் தவளை, உப்பு கலந்த நீரையும் தாங்கும் அபூர்வத் திறன் கொண்டது. அது அருகிய இனமல்ல. ஆகவே அதன் பெயரில் கவலையும் இல்லை. பேராக் ஆற்றின் துந்தோங் ஆமையோ அழிவின் விளிம்பில் இருப்பதால் போத்தா கானானில் வனவிலங்குத் துறையின் பராமரிப்பு மையத்தைப் பெற்றிருக்கிறது. அருகிய பிறகே கவனம் என்ற இந்தப் பழக்கத்தின் விலையை ரந்தாவ் அபாங் நமக்குக் கற்பித்தது. எனவே தபால்தலை கிடைக்காவிட்டாலும் நண்டுண்ணித் தவளைக்கு ஆல்பத்தில் ஒரு பக்கம் ஒதுக்கி, எந்த வயலில், எந்த மாதத்தில் அதன் குரல் கேட்டது என்று குறிக்கலாம். தவளை பெருகியிருக்கும்போதே எழுதப்பட்ட குறிப்பாக அது இருக்கும். ஏழுவரி ஆமைக்கு அந்தக் கவனம் வேண்டிய காலத்தில் கிடைக்கவில்லை.