மெஸ்ஸி வந்தார், கண்டவர் யார்?



2025-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 13-ஆம் தேதி, சனிக்கிழமையன்று நமது கொல்கத்தா மாநகரில் நடந்த காரியத்தைக் குறித்து ஊரிலுள்ள உறவினர் பலர் தொலைபேசியில் விசாரித்தார்கள். "உங்கள் ஊரில் நாற்காலிகளையெல்லாம் பிடுங்கி எறிந்தார்களாமே, அவ்வளவு முரட்டு ஜனங்களா?" என்பதே அநேகமாக எல்லாருடைய கேள்வியும். தொலைக்காட்சி அவர்களுக்குக் காண்பித்தது அதைத்தான். அதற்கு முந்திய இருபது நிமிடங்களைக் குறித்து ஒருவரும் கேட்கவில்லை.

அர்ஜென்டினா தேசத்துக் கால்பந்து வீரர் லியோனல் மெஸ்ஸி, தம் நண்பர்களான லூயி சுவாரஸ், ரோட்ரிகோ டி பால் ஆகிய இருவருடன் அன்று அதிகாலை இரண்டு மணிக்கு மேல் இங்கே வந்திறங்கினார். டிசம்பர் குளிரில் அந்த நேரத்திலும் விமான நிலையத்தில் திரளான கூட்டம். லேக் டவுனில் அவருக்கு எழுபது அடி உயரச் சிலை எழுப்பியிருந்தார்கள். அதையும் அவர் நேரில் வந்து திறக்கவில்லை. விடுதியிலிருந்தே காணொளி வழியாகத் திறந்துவைத்தார். அந்தச் சிலை வி.ஐ.பி. சாலையை ஒட்டியே நிற்கிறது. இடத்தின் பெயர் தற்செயலாய் அமைந்ததுதான். ஆயினும் பிற்பாடு நடந்ததை நினைக்கையில் எனக்குச் சிரிப்பு வந்தது.

முற்பகலில் சால்ட்லேக்கிலுள்ள யுவபாரதி மைதானத்துக்குள் அவர் வந்தார். பல்லாயிரம் பேர் ஆளுக்குப் பல ஆயிரம் ரூபாய் செலுத்திக் காத்திருந்தார்கள். ஆனால் அவர் கால் வைத்த கணமே அமைச்சரும், அதிகாரிகளும், அவர்களுடைய உறவினரும், புகைப்படக்காரரும், செல்பி எடுப்போருமாக ஒரு மனிதச் சுவர் அவரைச் சூழ்ந்துகொண்டது. அவர் திரும்பின பக்கமெல்லாம் அந்தச் சுவரும் திரும்பிற்று. சுமார் இருபது நிமிடத்தில் அவரை வெளியே அழைத்துச் சென்றுவிட்டார்கள். பிறகுதான் தண்ணீர்ப் போத்தல்கள் பறந்தன, இருக்கைகள் பெயர்ந்தன, வேலிகள் சாய்ந்தன. விரிப்பைச் சுருட்டித் தோளில் சுமந்துபோன ஒருவரின் காட்சி தேசமெங்கும் பரவிற்று. முதலமைச்சர் மம்தா பானர்ஜி அன்றே பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார், ஓய்வுபெற்ற நீதிபதி அசீம் குமார் ராய் தலைமையில் விசாரணைக் குழு அமைக்கப்பட்டது, ஏற்பாட்டாளர் கைதானார், விளையாட்டுத் துறை அமைச்சர் அரூப் பிஸ்வாஸ் சில நாட்களுக்குள் அந்தத் துறையை விட்டு விலகினார். (மறுநாள் ஞாயிற்றுக்கிழமை சகேயுவைப் பற்றிப் பிரசங்கிக்காத போதகர் இந்நகரில் இருந்திருப்பாரா என்பது எனக்குச் சந்தேகமே.)

இந்நகரின் கால்பந்துப் பற்றை வெளியூரார் அறிவது கடினம். 1977-ஆம் ஆண்டு பெலே நியூயார்க் காஸ்மாஸ் அணியோடு ஈடன் கார்டன்ஸில் மோகன் பகானை எதிர்த்து ஆடினார். ஆட்டம் 2-2 என்று சமனில் முடிந்தது. அதை நேரில் கண்ட முதியோர் இன்றும் அந்த இரண்டு கோல்களைத் தங்கள் பிள்ளைகள் அடித்ததுபோலச் சொல்லுகிறார்கள். 2008-இல் மரடோனா வந்தார். மெஸ்ஸியே 2011-ஆம் ஆண்டு செப்டம்பரில் இதே யுவபாரதியில் வெனிசுலாவுக்கு எதிராக ஆடி, அர்ஜென்டினா 1-0 என வென்றது. அன்று அவர் ஆடினார், ஜனங்கள் கண்டார்கள். ஈஸ்ட் பெங்கால் வென்றால் இலிஷ் மீன், மோகன் பகான் வென்றால் இறால் என்று சந்தையில் விலை ஏறும் ஊர் இது. நம் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளும் இங்கே பள்ளிக்குப் போன முதல் வருஷத்திலேயே இரண்டில் ஒரு பக்கம் சேர்ந்துவிடுகிறார்கள். அந்தப் பற்றுக்கு இரத்தக்கறையும் உண்டு: 1980-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 16-ஆம் தேதி அவ்விரு அணிகளும் ஈடனில் மோதியபோது மூண்ட கலவரத்திலும் நெரிசலிலும் 16 பேர் மாண்டுபோனார்கள்.

என் சபையிலுள்ள ஒரு வாலிபன் இருசக்கர வாகனத்தில் பார்சல் கொண்டுசேர்க்கும் வேலை செய்கிறான். இரண்டு மாதம் சேர்த்த பணத்தில் அவனும் நுழைவுச்சீட்டு வாங்கியிருந்தான். "போகலாமா ஐயா?" என்று என்னிடம் அனுமதி கேட்கவில்லை. போய் வந்த பிறகுதான் அவனுடைய தகப்பனார் அவனை அழைத்துக்கொண்டு வந்தார். கையில் ஒரு பை. அதற்குள் உடைந்த பிளாஸ்டிக் இருக்கையின் ஒரு துண்டு.

"ஐயா, நீங்கள் ஞாயிற்றுக்கிழமை சபை நடுவில் இவனைக் கண்டித்துச் சொல்லவேண்டும்" என்றார் தகப்பனார். முப்பது வருஷங்களுக்கு முன் நாகர்கோவிலிலிருந்து ஓர் அச்சகத்தில் வேலைக்கு வந்தவர். தமக்கென்று ஒரு நல்ல செருப்பும் வாங்காதவர். அவர் கோபம் பணத்தின்மேல் அல்ல என்பது எனக்குத் தெரிந்தது. மகனுடைய முகம் எங்காவது கேமராவில் பதிந்து, அக்கம்பக்கத்தார் பார்த்துவிட்டால் என்னவாகும் என்ற வெட்கமே அது.

வாலிபன் தலைகுனிந்து, "மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன் ஐயா. கடைசியில் திரையில்தான் பார்த்தேன். திரையில் பார்க்க என் போன் போதாதா? பக்கத்தில் எல்லாரும் பிடுங்கினார்கள். என் கையும் போயிற்று. ஏமாற்றினவர்களை விட்டுவிட்டு என்னையா கண்டிப்பீர்கள்?" என்றான்.

நான் தகப்பனாரைப் பார்த்து, "அண்ணன், 1996-ஆம் ஆண்டு மார்ச் 13-ஆம் தேதி ஈடனில் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தீர்கள்?" என்று கேட்டேன். உலகக் கோப்பை கிரிக்கெட் அரையிறுதி அது. ஒரு விக்கெட்டுக்கு 98 ஓட்டங்கள் எடுத்திருந்த இந்தியா எட்டு விக்கெட்டுக்கு 120 என்று சரிந்தபோது ஜனங்கள் போத்தல்களை வீசி, இருக்கைகளுக்குத் தீ வைத்தார்கள். ஆட்ட நடுவர் கிளைவ் லாயிட் வெற்றியை இலங்கைக்கு அளித்தார். இவர் அன்று அங்கே இருந்ததை இரட்சிக்கப்பட்ட பின் அவரே சாட்சியில் சொல்லியிருக்கிறார். அவர் சற்று நேரம் பேசவில்லை. "அது வேறே, ஐயா" என்றார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. மகன் அன்றுதான் அதை முதன்முதல் கேட்டானாம்.

நான் அவனைச் சபை நடுவில் நிறுத்தவில்லை. அந்த இருக்கை உன்னை ஏமாற்றினவனுடையதல்ல, வருகிற மாதம் ஐம்பது ரூபாய்ச் சீட்டில் ஆட்டம் பார்க்க வருகிற இன்னொரு ஏழையுடையது என்று மாத்திரம் சொன்னேன். அவன் கோபம் நியாயமானது என்றும் சொன்னேன். அந்தத் துண்டைக் கொண்டுபோய் மைதானத்து வாசலில் கொடுக்க முயன்றானாம். காவலாளி சிரித்து, "வீட்டுக்கே கொண்டுபோ, தம்பி" என்று வங்காளத்தில் சொல்லி அனுப்பிவிட்டாராம்.

ஜனங்கள் முரடர் என்பதே காரணமானால், அன்று மாலை ஹைதராபாத்திலும் அப்படியே நடந்திருக்கவேண்டும். நடக்கவில்லை. உப்பல் மைதானத்தில் மெஸ்ஸி சாவகாசமாய்ப் பந்தை உதைத்தார், பார்வையாளர் பக்கம் அடித்தார், தெலங்கானா முதலமைச்சர் ரேவந்த் ரெட்டியும் அவரோடு ஆடினார். அடுத்த நாள் மும்பை வான்கடேயிலும், அதற்கடுத்த நாள் டெல்லியிலும் ஜனங்கள் கண்குளிரக் கண்டார்கள். அதே விருந்தினர், அதே ஆர்வம். மைதானத்துக்குள் எத்தனை பேரை விட்டார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

அன்று கொல்கத்தாவில் உயிர்ச்சேதமில்லை. ஆனால் 2024 டிசம்பரில் ஹைதராபாத்தில் "புஷ்பா 2" திரையிடலின்போது ஒரு தாய் நெரிசலில் மரித்தார். 2025 ஜூனில் பெங்களூரு கிரிக்கெட் வெற்றி விழாவில் 11 பேர். அதே வருஷம் செப்டம்பர் 27-ஆம் தேதி கரூரில் நடிகர் விஜய்யின் அரசியல் கூட்டத்தில் 41 பேர். இந்நகரிலேயே 2022 மே 31-ஆம் தேதி நஸ்ருல் மஞ்சில் அளவுக்கு மீறிக் கூட்டம் நிரம்பியிருந்த கல்லூரி விழாவில் பாடி முடித்த பாடகர் கேகே, அன்றிரவே மாரடைப்பால் காலமானார். அவருக்கு வயது 53. என்னை ஒத்த வயது என்பதால் அச்செய்தி பல நாள் என்னை விட்டு அகலவில்லை.

பிரியமானவர்களே, முக்கியஸ்தர் சுவர் மைதானத்தில் மாத்திரமா இருக்கிறது? நம்முடைய கன்வென்ஷன் மேடைகளை எண்ணிப்பாருங்கள். தேவசெய்தியாளர் ஒருவர், அவருக்குப் பின்னால் நாற்காலிகள் இருபது. சால்வை போடுவோர் வரிசை ஒன்று, புகைப்படத்துக்கு நிற்போர் வரிசை இன்னொன்று. பொன்மோதிரம் தரித்தவனுக்கு நல்ல இடம் கொடுப்பதைப் பற்றி யாக்கோபு எழுதின இரண்டாம் அதிகாரத்தை அந்த மேடையில் நின்றே வாசிக்கிறோம். கடைசி வரிசையில் கைக்குழந்தையோடு நிற்கும் சகோதரிக்கு எதிரே நிற்பவர்களின் முதுகுகள்தான் தெரிகின்றன.

எங்கள் சபையில் வருகிற கூடுகைக்கான கமிட்டி சென்ற வாரம் கூடிற்று. மேடையில் மூன்று நாற்காலிகள் போதும், மற்ற அனைவரும் கீழே விசுவாசிகளோடு உட்காரலாம், புகைப்படம் வேண்டாம் என்று நான் சொன்னேன். மூப்பர் ஒருவர், நன்கொடை கொடுக்கிறவர்கள் மனம் வருந்துவார்கள் என்றார். இன்னொருவர், மூன்று வேண்டாம், ஏழாக வைத்துக்கொள்ளலாம் என்றார். வாலிபர் தரப்பில் வந்திருந்த நம் பார்சல் தம்பி, மூன்று என்பதற்குக் கை தூக்கினான். இன்னும் முடிவாகவில்லை, அடுத்த புதன்கிழமை உபவாச ஜெபத்துக்குப் பின் மறுபடியும் கூடுகிறோம்.