கோட்டுக்குள்ளே ஒரு சுவெற்றர்: ஸ்பதைனா தெருவில் ஒரு நடை

1980களின் கடைசியில் ரொறன்ரோவில் எடுத்த குடும்பப் படங்களில் எங்கட அப்பாமாரைப் பாருங்கோ. தோள் அகன்ற ஒரு கோட், அதுக்குள்ளே தடிச்ச கம்பளிச் சுவெற்றர், அதுக்குள்ளே சேட், சிலவேளை ரையும் இருக்கும். பிள்ளையள் பார்த்துச் சிரிக்கிற படங்கள் அவை. ஆனால் அதே பிள்ளையள் பதினாறு, பதினேழு வயதில் கேட்கிறதும் ஏறக்குறைய அதே உடுப்புத்தான்: சூட்டும், உள்ளுக்கு மெல்லிய மெரினோ சுவெற்றரும்.

இது வெறும் ஸ்டைல் இல்லை. இந்த நகரத்தின் குளிருக்கு இது தேவை. 2016இல் கனடிய நாடாளுமன்றம் ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்றது. பொங்கல் விழா, பள்ளிக்கூட நிகழ்ச்சி, விருந்து எல்லாம் வருவது ஆண்டிலேயே கடுங்குளிரான அந்த மாதத்தில். வெளியில் மைனஸ் பத்து, மண்டபத்துக்குள்ளே ஹீற்றர். கழற்றவும் போடவும் வசதியான ஒன்று கோட்டுக்குள்ளே வேண்டும்.

பிள்ளைக்கு சூட் வாங்க முதல் ஒரு சனிக்கிழமை ஸ்பதைனாவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. ஸ்காபரோவில் இருந்தால் கெனடி நிலையத்தில் சப்வே ஏறி, ஸ்பதைனா நிலையத்தில் இறங்கி, 510ஆம் இலக்க ஸ்ரீற்காரில் தெற்கே வரலாம். ரிச்மண்ட் சந்தியில் ஆளுயரத்தைத் தாண்டிய ஒரு சிற்பம் நிற்கும். வண்ண வண்ணப் பொத்தான்களை அடுக்கி, அதன் மேல் ஊசி குத்தாமல் தையல்காரர் விரலில் போடுகிற கூட்டைக் கவிழ்த்து வைத்திருக்கிறார்கள். 1997இல் ஸ்ரீபன் குரூஸ் செய்தது. பிள்ளை அதில் சாய்ந்து படம் எடுக்கட்டும். பிறகு சுற்றிவர நிற்கிற பழைய உயரக் கட்டடங்களை அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கோ.

அடிலெயிட் சந்தியில் எதிரெதிராக நிற்கிற ரவர் கட்டடமும் பல்பர் கட்டடமும் 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் எழும்பியவை. இரண்டையும் வரைந்தவர் பெஞ்சமின் பிரவுன் என்ற யூதக் கட்டடக் கலைஞர். உள்ளே மாடி மாடியாக உடுப்புத் தைத்தார்கள். தைத்தவர்களில் பலர் கிழக்கு ஐரோப்பாவில் இருந்து ஓடிவந்த யூதக் குடும்பங்கள். 1931இல் உடுப்புத் தைக்கிற பெண்கள் கூலிக்காக இந்தத் தெருக்களில் வேலைநிறுத்தம் செய்தார்கள். ரொறன்ரோ ஆண்கள் போட்ட நல்ல சூட்டுகள் பலவற்றின் கதை இப்படி அகதிக் கைகளில்தான் தொடங்குகிறது. ஏரிக்கரையில் 1929இல் கட்டிய ரிப் ரொப் ரெய்லர்ஸ் தொழிற்சாலையும் அப்படித்தான். போலந்தில் பிறந்த டேவிட் டங்கல்மன் தொடங்கிய நிறுவனம் அது. இப்போது அந்தக் கட்டடம் அடுக்குமாடி வீடுகள்.

அடிலெயிட் சந்தியிலிருந்து வடக்கே இருபது நிமிட நடை, கென்சிங்ரன் மார்க்கெற். ஒரு காலத்தில் யூதர் சந்தை. 2006இல் தேசிய வரலாற்று இடமாக அறிவித்தார்கள். பழைய உடுப்புக் கடைகளில் கம்பளிக் கோட்டுகளும் கையால் பின்னிய சுவெற்றர்களும் தொங்கும். வாங்காவிட்டாலும் பிள்ளை கையால் தொட்டுப் பார்க்கட்டும். தடிப்பு எது, மெலிசு எது, கம்பளி எது, பொலியெஸ்டர் எது என்று விரலுக்குத் தெரிந்துவிடும்.

விஷயமே அந்தத் தடிப்புத்தான். அப்பாமார் போட்ட சேர்க்கை சரி. சுவெற்றர்தான் கோட்டுக்கு மொத்தமாகப் போனது. அளவெடுத்துத் தைத்த கோட்டுக்குள்ளே நெருக்கமாகப் பின்னிய மெல்லியது போட வேண்டும். ரை கட்டினால் வி-கழுத்து. சேட் கொலர் முனைகள் சுவெற்றருக்குள்ளே அடங்கி இருக்கட்டும். ரை வேண்டாமென்றால் கழுத்தை மூடுகிற சுவெற்றர், சேட்டே தேவையில்லை. பொத்தான் வைத்த கார்டிகன் வெயிஸ்கோட்டின் இடத்தைப் பிடிக்கும், கடைசிப் பொத்தானைத் திறந்து விடுங்கோ. சுவெற்றரின் கீழ் விளிம்பு கோட்டுக்குக் கீழே எட்டிப் பார்க்கக் கூடாது. பளபளக்கிற சூட் துணிக்கு இது ஒத்து வராது. பிளனல், ட்வீட் மாதிரி மங்கலான கம்பளித் துணி என்றால் நல்லாய்ச் சேரும்.

கடைக்குப் போகும்போது சுவெற்றரைப் போட்டுக்கொண்டே கோட்டை அளந்து பாருங்கோ. கையை முன்னுக்கு நீட்டினால் முதுகு இழுக்கக் கூடாது. வீட்டில் கோட் ஹாங்கரில் தொங்கலாம், சுவெற்றரை மடித்துத்தான் வைக்க வேண்டும், தொங்கவிட்டால் தோள் இழுபட்டுப் போகும்.

புதுசு வாங்க முதல் அப்பாவின் அலுமாரியையும் ஒருக்கால் திறந்து பாருங்கோ. அந்தக் காலத்துக் கோட்டுகள் பல நல்ல கம்பளி. தோளை மாற்றுவது கஷ்டம், செலவும் கூட. ஆனால் தோள் பொருந்தினால் இடுப்பையும் கை நீளத்தையும் தையல்காரர் திருத்தித் தருவார். ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் எங்கட ஆட்கள் நிறையப் பேர் தைக்கிறார்கள். சாறி பிளவுஸ் தைக்கிறவர் எல்லாரும் கோட் திருத்துவார்கள் என்றில்லை, கேட்டுவிட்டுக் கொடுங்கோ. எந்தக் கடையில் புதுசாய் வாங்கிறதை விடவும், அப்பப்பா முதல் வேலைக்குப் போட்ட கோட் என்று சொல்லிப் போட்டுக்கொள்ள ஒரு பையனுக்குக் கிடைக்கிறது பெரிய விஷயம்.

உள்ளே போடுகிற பின்னலாடையின் லேபிளையும் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கோ. பருத்தியில் பின்னியது என்றால் திருப்பூரில் இருந்து வந்திருக்கலாம். இலங்கை என்றும் இருக்கலாம். போருக்குப் பிறகு கிளிநொச்சியிலும் ஆடைத் தொழிற்சாலைகள் வந்தன, எங்கட ஊர்ப் பிள்ளையள் அங்கே மெஷினில் இருக்கிறார்கள். அன்று ஸ்பதைனாவில் கூலி கேட்டு நின்ற பெண்களின் வேலையை இன்று செய்கிறவர்கள் அவர்கள்தான். விலைச் சீட்டைப் பார்க்கிற பிள்ளைக்கு இதையும் சொல்லி வையுங்கோ.