போர்ட்டிக்சன் கடலோரத்தில் மூன்று நாள்

போர்ட்டிக்சன் என்றதும் உங்கள் நினைவுக்கு வருவது என்ன? கடல் குளியலா, ஈர மணலில் பிள்ளைகள் கட்டும் வீடா, மாலை நேரத்துச் சுட்ட சோளமா? எனக்கு மட்டும் வெங்காயம் நினைவுக்கு வருகிறது. ஏன் என்று சொல்கிறேன். என்னோடு கொஞ்ச தூரம் வாருங்கள்.

பள்ளி விடுமுறை வந்தால் எங்கள் வட்டாரத்துத் தமிழ்ச் சபைகள் சில ஒன்றுசேர்ந்து போர்ட்டிக்சனில் மூன்று நாள் முகாம் நடத்துவது வழக்கம். கோலாலம்பூரிலிருந்து ஏறத்தாழ 90 கிலோமீட்டர். சிரம்பான் தாண்டியதும் பஸ்ஸில் பாட்டுச் சத்தம் ஏறிவிடும். சன்னலுக்கு வெளியே ஓடும் செம்பனை வரிசைகளைப் பார்த்து, "இதெல்லாம் ஒரு காலத்துல பால்மரம்" என்று பெரியவர்கள் பிள்ளைகளுக்குக் காட்டுவார்கள்.

எங்களில் பாதிப் பேர் தோட்டத்தில் பிறந்தவர்கள். தோட்டம் கைமாறி, லயங்கள் இடிபட்டு, அங்கே புதுவீடுகள் எழும்பியபோது ஆளுக்கொரு திசையாகச் சிதறினோம். கிள்ளான் அடுக்குமாடியில் சிலர், சிரம்பானில் சிலர். தோட்டத்து ஓரத்தில் இருந்த தகரக் கூரை ஜெபவீடும் போய்விட்டது. பழைய அண்டை வீட்டார் ஒரே கூரையின் கீழ் படுத்து எழுவது வருடத்தில் இந்த மூன்று நாள்தான். அதனால்தான் முழங்கால் வலிக்கிறது என்று சந்தைக்கே போகாத பாட்டிகளும் முகாமுக்கு முதல் ஆளாகப் பெயர் கொடுத்துவிடுகிறார்கள்.

கடற்கரைச் சாலையில் இடங்களைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள். எட்டாம் கட்டையில் தெலுக் கெமாங். அதற்குத் தெற்கே காடு மூடிய தஞ்சோங் துவான் முனை. அதன் உச்சியில் 1863-இல் கட்டப்பட்ட கலங்கரை விளக்கம் நிற்கிறது. இந்த முனை நெகிரி செம்பிலானால் சூழப்பட்டிருந்தாலும் மலாக்கா மாநிலத்தைச் சேர்ந்தது என்பது பலருக்குத் தெரியாது. மார்ச் மாதத்தில் சுமத்ராவிலிருந்து நீரிணையைக் கடந்து வரும் பருந்துக் கூட்டங்களைப் பார்க்கவென்றே மக்கள் அந்தக் குன்றில் ஏறுகிறார்கள்.

முதல் நாள் இரவு ஆராதனையில் போதகர் ஐயா அந்த முனையைக் காட்டித்தான் பேசினார். 1606-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் டச்சுக்காரர்களும் போர்த்துக்கீசியரும் இந்தக் கடலில் கப்பற்படையோடு மோதினார்கள். "ரெண்டு பேரும் ஒரே கிறிஸ்துவின் பெயரைச் சொன்னவங்கதான். கப்பல்ல வேதப்புத்தகமும் இருந்திருக்கும், பீரங்கியும் இருந்தது" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை. எனக்கு நான்கு வரிசை முன்னால் அண்ணன் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

பெயர் வேண்டாம், அண்ணன் என்றே சொல்கிறேன். தோட்டத்து ஜெபவீட்டுக்கு அவர்தான் பொருளாளர். நான் அப்போது நாலு எழுத்துப் படித்துவிட்ட மிடுக்கில் இருந்த இளைஞன். ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து, கூரை மாற்றிய கணக்கில் 60 வெள்ளி இடிக்கிறது என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். அண்ணன் ஒன்றும் பேசாமல் கணக்குப் புத்தகத்தை மேசைமேல் வைத்துவிட்டு வெளியேறினார். இரண்டு மாதம் கழித்து, தகரம் வாங்கிய ரசீது என் கோப்பிலேயே அகப்பட்டது. போய்ச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். நாளைக்கு, நாளைக்கு என்று நாள் போயிற்று. தோட்டமும் போயிற்று. அவர் வேறு ஊர், வேறு சபை. இருபது வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது.

முகாமில் பொழுது விடியும் முன்பே கடற்கரையில் ஜெபம். பசியாறிய பிறகு வேதபாடம். மாலையில் பிள்ளைகளுக்கு விளையாட்டு. இரவில் பாட்டு. இளைஞர்கள் கித்தார் வைத்துக்கொண்டு புதுப் பாடல்கள் பாடுவார்கள். அது முடிந்ததும் ஆர்மோனியப் பெட்டி திறக்கும். 1774-இல் நெல்லைச் சீமையில் பிறந்து, தஞ்சையில் சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்த வேதநாயகம் சாஸ்திரியாரின் கீர்த்தனைகளை, எழுத்தறியாத பாட்டிகள் புத்தகமில்லாமல் சரணம் தவறாமல் பாடுவார்கள். கேட்டால், "பால்வெட்டப் போறப்ப அம்மா பாடிக்கிட்டே போவும், அதான்" என்பார்கள்.

இரண்டாம் நாள் விடியற்காலை எனக்கு அடுப்படி முறை. வெங்காயம் உரிக்கப் போனேன். எதிரே முக்காலியில் அண்ணன்! பட்டியலில் எங்கள் இருவர் பெயரையும் யார் சேர்த்து எழுதினார்களோ, தெரியவில்லை. பாதி மூட்டை உரிக்கும் வரை பேச்சில்லை. கண்ணில் நீர் வடிந்தது. வெங்காயம் நல்ல சாக்கு.

"அண்ணே, அந்த 60 வெள்ளி ரசீது என்கிட்டத்தான் இருந்துச்சு. என்னை மன்னிச்சிடுங்க" என்றேன்.

அவர் கத்தியைக் கீழே வைக்கவில்லை. "எனக்கு அப்பவே தெரியும் தம்பி, நான் எடுக்கலைன்னு. நீ இப்ப எனக்குச் சொல்ற. அன்னைக்கு ஊருக்கே சொன்னியே" என்றார். பிறகு அடுத்த வெங்காயத்தை எடுத்துக்கொண்டார்.

அன்று முழுவதும் எந்தப் பாடமும் என் காதில் ஏறவில்லை.

மூன்றாம் நாள் திருவிருந்துக்கு முன்னால் சாட்சி நேரம். 1885-இல் ஓல்டம் ஐயர் சிங்கப்பூரில் தொடங்கிய மெதடிஸ்டு ஊழியத்தின் வழி வந்தவர்கள் நாங்கள். அதற்கும் முன்பு, 18-ஆம் நூற்றாண்டிலேயே, ஜான் வெஸ்லியின் சபையார் 'அன்பின் விருந்து' என்று கூடி, ரொட்டியும் தண்ணீரும் பகிர்ந்துகொண்டு தங்கள் அனுபவத்தைச் சொல்வார்களாம். சாட்சி என்றால் பெரும்பாலும் நோய் நீங்கியதையும் வேலை கிடைத்ததையும் சொல்வோம். நான் எழுந்து ரசீதுக் கதையைச் சொன்னேன். தோட்டத்துப் பழைய முகங்கள் பாதி அங்கே இருந்தன. கால் நடுங்கியது. "அண்ணன் மேல் ஒரு காசு குற்றமில்லை, குற்றம் என்னுடையது" என்று சொல்லி உட்கார்ந்தேன். கூடத்தில் ஒரு சத்தமில்லை. அண்ணன் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

திருவிருந்து முடிந்து பந்தி போட்டார்கள். நெல்லைக்காரப் பாட்டி ஒருவர் அதை இன்னும் 'அசனம்' என்றே சொல்கிறார். தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தேன். என் சோற்றின் மேல் ஒரு கரண்டி சாம்பார் விழுந்தது. நிமிர்ந்தேன். வாளியோடு அண்ணன்.

"போதுமா தம்பி, இன்னும் கொஞ்சம் ஊத்தவா?"

"ஊத்துங்கண்ணே."

அவ்வளவுதான் நாங்கள் பேசியது. பஸ் ஏறும்போது தன் வீட்டு முகவரியை ஒரு துண்டுத்தாளில் எழ்தி என் சட்டைப் பையில் வைத்தார்.

வாசகர்களே, உங்கள் சமயம் எதுவாகவும் இருக்கட்டும். கோயில் திருவிழாவோ, கந்தூரியோ, சபை முகாமோ, பத்துப் பேர் கூடிச் சமைத்துச் சாப்பிடும் இடம் ஒன்று உங்களுக்கும் இருக்கும். அடுத்த முறை போகும்போது, யார் முகத்தைப் பார்க்கக் கூசுகிறதோ, அவர் பக்கத்தில் போய் வெங்காயம் உரிக்க உட்காருங்கள். பல பேர் முன்னால் சொன்ன பழியைப் பல பேர் முன்னால்தான் திரும்ப எடுக்க வேண்டும். அதை நான் போர்ட்டிக்சனில் கற்றுக்கொண்டேன், மிகவும் தாமதமாக.