சடுகுடுக் களம் கற்பித்த பாடங்கள்

வகுப்பறையில் கற்பவை பல. ஆடுகளத்தில் கற்பவை சில. ஆயினும் அச்சிலவே பெரும்பாலும் ஆயுள் முழுவதும் உடன் வருகின்றன. முண்டியம்பாக்கத்தில் வளர்ந்த எங்களுக்கு அத்தகைய கல்வியை ஈந்தது சடுகுடு.

விழுப்புரத்திற்கும் விக்கிரவாண்டிக்கும் இடையே அமைந்தது எங்கள் ஊர். 1993இல் விழுப்புரம் தனி மாவட்டமாகும் முன்னர், இப்பகுதி தென்னார்க்காட்டைச் சேர்ந்திருந்தது. வெளியூரார் எங்கள் ஊரைச் சர்க்கரை ஆலையால் அறிந்திருந்தனர். 2010இல் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கிய பின்னர் அதனாலும் அறிகின்றனர். கரும்பு வண்டிகள் ஆலையை நோக்கி வரிசையாய்ச் செல்லும் நாள்களில், மணிலா பிடுங்கிய கொல்லையே எங்கள் ஆடுகளம். மட்டைக்கும் பந்திற்கும் பணம் வேண்டும். சடுகுடுவிற்கு மூச்சே முதல். காலால் ஒரு கோடு கிழித்தால் களம் ஆயத்தமாகிவிடும்.

அணிக்கு எழுவர். ஒருவர் நடுக்கோட்டைக் கடந்து, விடாது பாடியவாறு எதிரணியினரைத் தொட்டு, மூச்சு அறுபடாமல் தம் பக்கம் மீள வேண்டும். எத்துணை வலிமை இருப்பினும், திரும்பி வருவதற்குரிய மூச்சை மிச்சம் வைக்காதவர் பிடிபடுவார். அளவறிந்து செயற்படுதல் என்னும் முதற்பாடம் இதுவே. பிற்காலத்தில் கடன் வாங்கும்போதும், பிறர்க்கு வாக்குறுதி அளிக்கும்போதும் இந்த மூச்சுக் கணக்கே எங்களுக்குக் கைகொடுத்தது.

இவ்விளையாட்டில் ஒருவர் வெளியேறினால் அவர் கதை முடிந்துவிடுவதில்லை. தம் அணியினர் எதிரணியில் ஒருவரை வீழ்த்தும்போது, வெளியே இருப்பவர் ஒருவர் உள்ளே வருகிறார். யார் முதலில் வெளியேறினாரோ, அவரே முதலில் மீள்வார். தோழனின் முயற்சியால் நமக்கு வாழ்வு வருகிறது என்பதையும், வரிசை வரும்வரை பொறுத்திருக்க வேண்டும் என்பதையும் இதனினும் எளிதாய் யார் கற்பிக்க இயலும்? வேலையின்றித் திண்ணையில் அமர்ந்திருந்த காலத்தில் எங்களுள் பலர்க்கு இவ்விதியே ஆறுதலாய் அமைந்தது.

கொல்லையில் நடுவர் இருப்பதில்லை. மூச்சு அறுந்ததா, விரல் பட்டதா என்பதற்கு ஆடுவோர் மனச்சான்றே சாட்சி. ஒரு பொங்கல் நாள் ஆட்டத்தில், எங்கள் பக்கத்தவர் பாடிச்சென்று வெறுங்கையுடன் மீண்டதாகவே அனைவரும் எண்ணினோம். எதிரணி இளைஞர் ஒருவர் கையை உயர்த்தி, "என்மேல் பட்டது" என்று கூறித் தாமே வெளியேறினார். அப்புள்ளியால் அவருடைய அணி தோற்றது. அவர் தெருவினர் அவரைக் கடிந்துகொண்டனர். அவரோ ஒரு சொல்லும் மறுமொழி கூறவில்லை. வென்றவர் நாங்கள், வீடு திரும்பும் வழியெல்லாம் நாங்கள் புகழ்ந்தது அவரை. அமானிதம் என்னும் சொல்லைப் பயானில் கேட்டிருந்தோம். அதன் பொருளை அன்று கண்ணால் கண்டோம்.

யாவற்றினும் பெரிய பாடம் ஒன்றுண்டு. தொடுதலே சடுகுடுவின் உயிர். மணிக்கட்டையும் கணுக்காலையும் தோளையும் பற்றாமல் ஆட்டமே இல்லை. தீண்டாமையை அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு ஒழித்திருந்தும், 1978இல் விழுப்புரம் நகரில் நிகழ்ந்த வன்முறையில் தாழ்த்தப்பட்ட மக்கள் 12 பேர் உயிரிழந்த மண் இது. ஊர்த் தெரு, சேரி, பள்ளிவாசல் தெரு எனப் பிரிந்து வாழ்ந்த பிள்ளைகள், கொல்லையில் ஒருவர் வியர்வை மற்றவர் மேல் படியக் கட்டிப் புரண்டோம். ஆனால் ஆட்டம் முடிந்து தேநீர்க் கடைக்குச் சென்றால், எங்கள் தோழர் சிலர்க்கு மட்டும் தனிக் குவளை. தொழுகை வரிசையில் தோளோடு தோள் நிற்கப் பழகிய எங்களுக்கு அது பொறுக்கவில்லை. களத்தில் அவர்களோடு உருண்ட பிற தெருப் பிள்ளைகளுக்கும் பொறுக்கவில்லை. அன்றுமுதல் அக்கடைக்குச் செல்வதைத் தவிர்த்தோம். கொல்லை ஓரத்துப் பானை நீரை எல்லோரும் ஒரே குவளையில் பருகினோம். அதனால் ஊர் திருந்திவிட்டது என்று கூற மாட்டோம். எனினும், கையால் தொட்டவனை மனத்தால் தள்ளிவைக்க எங்களால் பின்னர் என்றும் இயலவில்லை.

நாட்டுப்புறத்து இவ்விளையாட்டு 1990இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டுப் போட்டியில் இடம்பெற்றது. 1994இல் ஹிரோஷிமாவில் தங்கம் வென்ற இந்திய அணியில் தூத்துக்குடி மாவட்டத்து மணத்தி கணேசன் ஆடினார். அர்ச்சுனா விருதும் பெற்றார். 2014 வரை ஆடவர் பிரிவில் இந்தியாவே தொடர்ந்து தங்கம் வென்றது. 2018இல் ஜகார்த்தாவில் ஈரானிடம் தோற்றது. 2023இல் ஹாங்சோவில் மீண்டும் வென்றது. எந்த வெற்றியும் எவருக்கும் நிலையான உடைமை அன்று.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் துணைவியார் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப்பந்தயம் ஓடியதை நாம் அறிவோம். முதன்முறை அன்னையார் முந்தினார். பின்னொரு நாள் நாயகம் (ஸல்) முந்தி, அதற்கு இது ஈடு என்று மகிழ்ந்துரைத்தார்கள். தோல்வியைப் பகையாக்காத பண்பிற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. விளையாட்டு ஆண்மக்களுக்கே உரியது என்று எண்ணுவோர்க்கும் இதில் விடை உண்டு.

கொல்லைகள் மனைகளாகி வரும் காலம் இது. ஊர்தோறும் ஒரு களத்தையேனும் காத்துத் தருமாறு சமுதாயப் பெரியோரை வேண்டுகிறோம். மாணவச் செல்வங்களே, மதிப்பெண்ணோடு மூச்சையும் பெருக்குங்கள். எந்தத் தெருவினர் ஆயினும் கைகோத்து ஆடுங்கள். அதற்கு வல்ல இறைவன் அருள்புரிவானாக!