மூன்று தவணைகளும் முடிதல் வேண்டும்

பெங்களூரில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் தலைப்பிரசவம் பெரும்பாலும் தாய்வீட்டிலேயே நிகழ்கிறது. தருமபுரியிலோ வேலூரிலோ பிறந்த குழந்தை, இரண்டு மாதம் நிறைந்தபின் இந்நகருக்கு வந்து சேர்கிறது. 6ஆம் வாரத்துத் தடுப்பூசி அங்கேயே போடப்பட்டிருக்கும். 10ஆம், 14ஆம் வாரங்களுக்குரியவை இங்கே நின்றுபோவதை நாம் பல இல்லங்களில் கண்டிருக்கிறோம். "முதல் ஊசிக்கே குழந்தை காய்ச்சலில் துவண்டது, இனி வேண்டாம்" என்று பெரியவர்கள் தடுத்துவிடுகின்றனர். ஐந்து மருந்துகளை ஒன்றாகச் செலுத்தினால் பிஞ்சு உடல் தாங்குமோ என்ற ஐயமும் அதனோடு சேர்ந்துகொள்கிறது.

பென்டாவேலன்ட் எனப்படும் இவ்வூசி தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், இரணஜன்னி, பி வகை மஞ்சள் காமாலை ஆகியவற்றையும், நிமோனியாவும் மூளைக்காய்ச்சலும் விளைவிக்கும் ஹிப் கிருமியையும் தடுப்பது. பிறந்தது முதல் எண்ணற்ற கிருமிகளை நாள்தோறும் எதிர்கொள்ளும் குழந்தைக்கு இந்த ஐந்தும் பெருஞ்சுமை அல்ல. தனித்தனியே குத்தும் வேதனையும் குறைகிறது.

அச்சத்திற்குக் காரணமே இல்லை என்று நாம் சொல்லவில்லை. இலங்கையில் 2008 ஜனவரியில் தொடங்கிய இத்தடுப்பூசி, சில குழந்தைகள் இறந்ததையொட்டி ஏப்ரலில் நிறுத்தப்பட்டது. ஆய்வுக்குப்பின் 2010இல் மீண்டும் வந்தது. இலங்கை, பூட்டான், இந்தியா, வியட்நாம் நாடுகளின் தகவல்களை 2013இல் ஆராய்ந்த உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனைக் குழு, வழக்கத்திற்கு மாறான தீங்கு எதையும் இவ்வூசியின்மேல் ஏற்றுவதற்கில்லை என்றே கண்டது.

ஓரிரு நாள் காய்ச்சலும், தொடையில் வீக்கமும் இயல்பானவை. உடல் எதிர்ப்பாற்றலைப் பழகிக்கொள்வதன் அடையாளம். எடைக்கேற்ற காய்ச்சல் மருந்தை மருத்துவரிடம் கேட்டுக் கொடுத்தால் போதும். மூன்று மணி நேரத்திற்கு மேல் ஓயாத அழுகை, வலிப்பு, மூச்சுத்திணறல் ஆகியவை நேர்ந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்க. அடுத்த தவணையைப் பற்றி மருத்துவரே முடிவுசெய்யட்டும். ஊசிக்குப்பின் அரைமணி நேரம் அங்கேயே காத்திருத்தலும் நன்று.

ஒரு தவணையோடு நின்ற குழந்தைக்கு அரைகுறைக் காவலே உண்டு. கக்குவான் இருமல் கைக்குழந்தைகளையே கடுமையாகத் தாக்கும் என்பதை மறத்தலாகாது.

அரசுத் திட்டத்தில் இவ்வூசி 2011 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் முதலில் தொடங்கிற்று. அடுத்த ஈராண்டுகளுக்குள் கர்நாடகத்திலும் வந்தது. எல்லை கடந்தாலும் அட்டவணை ஒன்றே. நாள் தவறியிருந்தாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஆகவே ஊரிலிருந்து புறப்படும்போது தடுப்பூசி அட்டையை மறவாமல் எடுத்து வருக. அண்மையிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதனைக் காட்டி, கன்னடத்தில் 'லசிகெ' என்று கேளுங்கள், கட்டணமின்றிப் போடுவர்.