கூட்டுக்குள் நிற்கும் ஆள்

மயிலாட்டக் கூடு செய்யப் பழக வருகிற பிள்ளைகள் முதலில் கேட்பது பீலியைப் பற்றித்தான். எங்கள் கான்சாபுரத்தில் அதற்குப் பஞ்சமில்லை. மேற்கே மலை, பிளவக்கல் அணைத் தண்ணீர், சுற்றிலும் தென்னந்தோப்பு. மயில்கள் தோப்புக்குள்ளேயே திரியும். ஆவணி வாக்கில் ஆண்மயில் தோகையைத் தானே உதிர்த்துவிடும். அப்படி உதிர்ந்ததை மட்டும்தான் எடுப்போம். கையில் வாங்கியதும் காம்பின் அடியைப் பாருங்கள். வெளுத்துக் காய்ந்திருந்தால் தானாக விழுந்தது. ரத்தக்கறையோ வெட்டுவாயோ இருந்தால் உயிரை எடுத்துப் பிடுங்கியது. எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் அதை என் கூட்டில் வைக்கமாட்டேன்.

பீலி அடுக்குவதைச் சீக்கிரம் பழகிவிடலாம். கூட்டுக்குள் நிற்கப்போகிற ஆளைப் படிக்கத்தான் காலம் பிடிக்கும்.

எங்கள் வாத்தியார் பொய்க்கால் குதிரை, காளை, கரடி, மயில் எல்லாம் செய்வார். அளவு நாடாவை அவர் கையில் நான் அதிகம் பார்த்ததில்லை. மூங்கில் பிளாச்சில் வெறும் சட்டத்தைக் கட்டி, வந்தவர் இடுப்பில் மாட்டி, "ஒரு சுத்து ஆடு" என்பார். தவில் கிடையாது, வாயாலேயே தாளம் போடுவார். ஆடுகிறவர் தோள் எங்கே இறங்குகிறது, இடுப்பு எந்தப் பக்கம் வெட்டுகிறது என்று பார்த்துக் கரித்துண்டால் சட்டத்தில் கோடு இழுப்பார். அந்தக் கோட்டில்தான் கச்சை வரும். புளியங்கொட்டைப் பசையில் துத்தம் சேர்த்துக் காகிதம் ஒட்டி முடிக்கும்போது, கூடு அந்த ஒருவருக்கு மட்டும் சரியாக உட்காரும்.

ஒருமுறை பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் ஆட்டச் செட்டுக்காரர்களோடு வந்தான். பொய்க்கால் குதிரையில் ராஜா வேஷத்துக்கு அவனை எடுத்திருந்தார்கள். ராஜாச் சட்டத்தை மாட்டியதும் கட்டைமேல் மரம்போல நின்றான். செட்டு முதலாளி திட்டினார். வாத்தியார் அவரை டீ குடிக்க அனுப்பிவிட்டு, பையனிடம் மெல்ல, "ராணிக்குதிரையை மாட்டிப் பாக்குறியாய்யா?" என்றார். அவன் பேசவில்லை, தலையை மட்டும் ஆட்டினான். மாட்டிய மறு நிமிஷம் முதுகு நிமிர்ந்தது, கை தானாகக் கடிவாளத்தைப் பிடித்தது. வாத்தியார் ஏற்கெனவே இழுத்த கோட்டை அழித்துவிட்டுப் புதுக்கோடு இழுத்தார். யாரிடமும் விளக்கம் சொல்லவில்லை. சில வருஷம் கழித்து அந்தப் பிள்ளை வேறு பெயரோடு, புடவையில், மயில் கூடு கேட்டு என்னிடம் வந்தாள். "அண்ணே, அந்த ராணிக்குதிரைக்குள்ளதான் நான் யாருன்னு எனக்கே தெரிஞ்சுச்சு" என்றாள்.

இப்படி வந்தவள் அவள் ஒருத்தி மட்டுமில்லை. தென்மாவட்டத்துச் செட்டுகளில் கரகம், குறத்தி, மயில் என்று எத்தனையோ திருநங்கைகள் ஆடுகிறார்கள். தோகை ஆண்மயிலுக்குத்தான் உண்டு. அதைக் கட்டிக்கொண்டு பாவாடையும் சலங்கையுமாகப் பெண் ஆடுவாள், பெண்வேஷம் கட்டிய ஆண் ஆடுவார், திருநங்கை ஆடுவாள். ஊர் அதை மயில் என்றே பார்க்கிறது. குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோவில் தசராவில் மாலை போட்டு விரதமிருந்து குரங்கு, கரடி, புலி, காளி, குறத்தி என்று வேஷம் கட்டிக் காணிக்கை எடுப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஆண்கள் பெண்ணாகிறார்கள், மனிதர்கள் மிருகமாகிறார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு அது நேர்த்திக்கடன். சிலருக்கு, வீட்டில் சொல்ல முடியாத ஒன்றை ஊரறியக் கட்டிப் பார்க்கக் கிடைத்த பத்து நாள்.

என்னிடம் பழகிய பிள்ளை ஒருவன், அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் என்ற ஊரில் வருஷாவருஷம் கூடுகிறவர்களைக் கைப்பேசியில் காட்டினான். ஃபர்ரி என்கிறார்கள். நரி, ஓநாய் என்று தனக்கென ஒரு மிருகத்தைத் தானே வடித்து, அதற்குப் பெயர் வைத்து, சிலர் முழு உடையும் தைத்துப் போட்டுக்கொள்கிறார்கள். அவர்களிலும் திருநர்கள் மற்ற இடங்களைவிட அதிகமாம். அந்த மிருகத்தின் பெயரில் முதலில் பெண்ணாகவோ ஆணாகவோ இரண்டுமில்லாமலோ இருந்து பார்த்துவிட்டு, பிறகு வாழ்க்கையிலும் அப்படியே ஆனவர்கள் உண்டாம். எனக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. நான் பார்த்தது தலையைத்தான். ஸ்பாஞ்சில் வெட்டி, செயற்கை ரோமம் போர்த்தி, கண்ணுக்கு வலை வைத்து, உள்ளே சின்ன விசிறி பொருத்தியிருந்தார்கள். அந்த விசிறியைக் கரடித்தலையில் வைத்துப் பார்த்தேன். பங்குனி வெயிலுக்கு நன்றாக உதவுகிறது.

இனி வேலைக்கு வருகிறேன். ஹார்மோன் மருந்து எடுத்துக்கொள்ளும் திருநங்கைக்கு மார்பு நோகும். தோள்பட்டை வாரை நேராக முன்பக்கம் இறக்கினால் இரண்டு பாட்டுக்குள் வலி தாங்காது. வாரை முதுகில் குறுக்காகப் போட்டு, பாரத்தை இடுப்புக் கச்சைக்கு இறக்குங்கள். கச்சைக்குள் பழைய பனியன் துணியை இரண்டு மடிப்பாக வைத்துத் தையுங்கள். பழகிய பிள்ளை ஒருவன் பார்வைக்கு நன்றாக இருக்கட்டும் என்று ரெக்சின் வைத்தான். விடிய விடிய ஆடியவளுக்கு இடுப்பெல்லாம் தோல் உரிந்துபோயிற்று. அந்தக் கச்சையை அவனையே பிரிக்கச் சொன்னேன், அவனையே மருந்து வாங்கிக்கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னேன். அதன்பின் அவன் தைத்த கச்சையில் ஒரு குறையும் வந்ததில்லை.

தோகையைச் சட்டத்தோடு சேர்த்து இறுக்கிக் கட்டாதீர்கள். நடுராத்திரியில் குடித்துவிட்டு வந்து பின்னால் பிடித்து இழுக்கிறவன் எல்லா ஊரிலும் இருக்கிறான். பெண்ணாக ஆடுகிறவளை, அதிலும் திருநங்கையை, இழுக்கத் தனக்கு உரிமை இருப்பதாகவே நினைக்கிறான். கொக்கியில் மாட்டினால் இழுத்தவன் கையில் தோகை கழன்று போகும், ஆள் விழமாட்டாள். தோகையை நாம் மறுபடி மாட்டிக்கொள்ளலாம். அலகு அசைக்கிற கயிற்றை ஒரு விரலில் மட்டும் சுற்றிக்கொள்ளும்படி வையுங்கள். மற்ற விரல்கள் தற்காப்புக்கு வேண்டும்.

அளவு எடுக்கும்போது யார் தொடலாம் என்று ஆடுகிறவர்களிடம் கேட்டுவிட்டுத் தொடுங்கள். கடைசி முடிச்சை அவர்கள் சொல்கிற ஆள்தான் போட வேண்டும். உடை மாற்ற நாலு கம்பு, ஒரு சேலை மறைப்பு கட்டாத ஊருக்கு நான் கூடு அனுப்புவதில்லை; அட்வான்ஸ் பேசும்போதே இதைச் சொல்லிவிடுவேன். சீட்டில் பெயர் எழுதும்போது அவர்கள் சொல்லும் பெயரைத்தான் எழுதுவேன். 2008இல் தமிழ்நாட்டில் திருநங்கைகளுக்கு நலவாரியம் வந்தது, 2014இல் உச்சநீதிமன்றம் அவரவர் பாலினத்தை அவரவரே சொல்லலாம் என்றது. அதற்கெல்லாம் வெகு காலம் முன்பே வாத்தியாரின் நோட்டில் ஆட்டக்காரிகள் தாங்களே வைத்துக்கொண்ட பெயர்கள் ஏறிவிட்டன.

பழக நினைப்பவர்கள் மார்கழி, தை மாதம் வாருங்கள். பங்குனிக்குப் பிறகு எனக்கு உட்கார நேரம் இருக்காது. முதல் மாதம் பிளாச்சு சீவுவதும் பசை காய்ச்சுவதும்தான். அதோடு, வருகிற ஆட்டக்காரர்களுக்குத் தண்ணீர் கொடுத்து, அவர்கள் ஆடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். கரித்துண்டை நானே தருவேன்.