விளம்பிப் படியில் இடறிய கால்

சென்ற ஆண்டு ஆடிக் கிருத்திகையன்று சுவாமிமலையில் சுவாமிநாதனைத் தரிசித்துவிட்டுப் படியிறங்கிக் கொண்டிருந்தேன். பிரபவ முதல் அட்சய வரை அறுபது தமிழ் ஆண்டுகளைக் குறிப்பவை அப்படிகள். முப்பத்திரண்டாவது படி, நான் பிறந்த விளம்பி. ஏறும்போது அதைத் தொட்டுக் கும்பிடுவது என் வழக்கம். இறங்கும்போது அதன் அருகிலேயே வலது முழங்கால் உட்புறமாக மடங்கியது. பக்கத்தில் வந்த அன்பர் ஒருவர் தோளைப் பற்றிக்கொண்டார். விபூதிப் பொட்டலம் மட்டும் சிதறியது.

"இனிமேல் கீழே மீனாட்சி சுந்தரேசுவரரைத் தரிசித்தால் போதும். மேலே ஏற வேண்டாம்" என்றாள் என் இல்லாள். கால் வலியினும் அச்சொல் அதிகம் வலித்தது.

எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த மருத்துவர், தேய்மானம் சிறிதளவே என்று கூறி, இயன்முறை மருத்துவரிடம் அனுப்பினார். அந்த இளம் பெண், "தோப்புக்கரணம் போடுவீர்களா ஐயா? இந்தக் கண்ணாடி முன் ஒன்று போடுங்கள்" என்றார். பிள்ளையார் முன் அறுபது ஆண்டுகளாகப் போட்டு வந்தவன். அன்றுதான் அதை என் கண்ணால் பார்த்தேன். உட்காரும்போது இரு முழங்கால்களும் ஒன்றையொன்று நாடி உள்ளே சாய்ந்தன!

"குற்றம் முழங்காலுடையது அன்று" என்றார் அவர். இடுப்பின் பக்கவாட்டுத் தசைகள் வலுவிழந்தால் தொடையெலும்பு உட்புறம் திரும்பிவிடும். கீழே உள்ளங்கால் வளைவு தட்டையாகிப் பாதமும் உட்புறம் சரியும். நடுவில் அகப்பட்ட முழங்கால் இரண்டுக்கும் ஈடுகொடுக்கிறது. ஒற்றைக் காலில் உடற்பாரம் முழுவதையும் தாங்கி மெல்ல இறக்க வேண்டியிருப்பதால், ஏறுவதைவிட இறங்குவதில்தான் அது வெளிப்படும். வங்கியில் கணக்கு ஒத்துவராதபோது, வித்தியாசம் தெரியும் பேரேட்டையே புரட்டிக்கொண்டிருக்கும் புதிய எழுத்தர்களைக் கண்டு சிரித்திருக்கிறேன். பிழை வேறொரு பேரேட்டில் கிடக்கும். நாற்காலியில் கழிந்த என் முப்பத்தைந்து ஆண்டுகளும் இடுப்புத் தசைகளின் கணக்கில் பற்று எழுதப்பட்டிருந்தன போலும்.

பயிற்சிகள் எளியவை. ஒருக்களித்துப் படுத்து மேற்காலைத் தூக்குதல். முழங்காலுக்குச் சற்று மேலே ரப்பர் பட்டை கட்டி, அதை வெளிப்புறம் தள்ளியபடியே நாற்காலியிலிருந்து எழுந்து அமர்தல். வீட்டின் கடைசிப் படியில் கைப்பிடியைப் பற்றி ஒரு காலை மெல்ல இறக்குதல். எதிலும் முழங்கால், பெருவிரலுக்கு அடுத்த விரலின் நேரே நிற்க வேண்டும். (மூட்டில் வீக்கமோ சூடோ உள்ளவர்கள் முதலில் மருத்துவரைக் காண்க.) முதல் மாதம் ஒரு பயனும் தெரியவில்லை; விட்டுவிடலாமா என்றுகூட எண்ணினேன்.

என்னைக் கண்காணிக்க வந்த இல்லாள், ஒருநாள் தானும் கண்ணாடி முன் நின்று பார்த்தாள். அவளுக்கும் அதே சாய்வு. பெண்களுக்கு இடுப்பெலும்பு அகன்றிருப்பதால் இது அதிகம் காணப்படுமாம். மறுநாள் முதல் கூடத்தில் இரண்டு நாற்காலிகள்.

இவ்வாண்டு தைக் கிருத்திகைக்கு இருவரும் மேலே ஏறினோம். இறங்குகையில் கைப்பிடியை விடவில்லை. ஒவ்வொரு படியிலும் முழங்காலைக் குனிந்து பார்த்தோம். அவள் பிறந்த சார்வரி, என் விளம்பிக்கு இரண்டு படி மேலே. இறங்கும்போது அதுவே முதலில் வருகிறது. அங்கே நின்று, "கால் உள்ளே போகிறது, பாருங்கள்" என்று என்னை எச்சரித்துவிட்டு, அவள் அடுத்த படியில் கால் வைத்தாள்.